எட்டுப் பேர் போன படகு

செல்லியம்மாள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தக் காலத்தில் எவள்தான் சொன்னாள்? மக்கள்தொகை எடுக்க வந்த வாத்தியார் வாசலில் நின்று கேட்டபோது, பக்கத்து வீட்டு ஜானகியம்மாளைக் கூப்பிட்டு அவளைச் சொல்ல வைத்தாள். இராமலிங்கம் என்றாள் ஜானகியம்மாள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று வாத்தியார் கேட்டார். ஜானகியம்மாள் செல்லியம்மாளைப் பார்த்தாள், செல்லியம்மாள் ஏரியைப் பார்த்தாள். அவர் அவளுடைய நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார், கழுத்துக் கயிற்றைப் பார்த்தார், தன்பாட்டுக்கு எதையோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சர்க்காருக்கு அவ்வளவு போதும். ஊருக்குப் போதாது.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் கிடக்கும் அந்தக் குப்பத்தில் பத்தாம் வகுப்பு வரை போன முதல் பையன் இராமலிங்கம். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. சண்டைக்காலத்தில் பட்டணம் போனவன் விமானப் படையில் சேர்ந்துவிட்டு வந்து நின்றான். ஆகாசத்தில் போய் எந்த மீனைப் பிடிக்கப் போகிறாய் என்று அப்பன்காரன் கேட்டான். ஒயர்லெஸ் வேலை என்றான் பையன். அப்பனுக்குப் புரியவில்லை, புரிந்தாற்போல் தலையை ஆட்டினான். முதல் விடுப்பில் வந்தபோது செல்லியம்மாளைக் கட்டிவைத்தார்கள். இரண்டாவது விடுப்புத்தான் கடைசி.

அந்த இரண்டாவது விடுப்பில் அவன் பேசினதெல்லாம் விமானத்தைப் பற்றித்தான். குண்டு போடுகிற விமானம், எட்டுப் பேர் போவார்கள். வலை கிழிசலை அவள் தைத்துக்கொண்டிருக்க, அவன் எதிரில் குந்திக்கொண்டு, மூக்கிலிருந்து வால் வரைக்கும் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று மணலில் கோடு போட்டுக் காட்டுவான். ஓட்டுகிறவர் ஆர்தர். பக்கத்தில் ஜார்ஜ். அப்புறம் பெர்சி, நார்மன். அதற்கடுத்து இவன். பின்னால் ஜாக், லெஸ்லி. வாலில் தனியாக டாம், மீசைகூட முளைக்காத பயல், ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுப்பான். அவளுக்கு வாயில் நுழையாத பெயர்கள். நுழையும் வரை விடமாட்டான். கடைசியில் அவள் ஒரே மூச்சில் எட்டு இடத்தையும் சொன்னாள், இவன் இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு விரலால் அவனைக் காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கிளம்புகிற அன்றைக்குச் சட்டையிலிருந்து பித்தளைப் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது. தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தவள் அடுப்பு வேலையில் மறந்துபோனாள். அவனும் கேட்காமல் போய்விட்டான்.

போன விமானம் வங்காள விரிகுடாவுக்கு மேலே, பர்மாப் பக்கம் எங்கேயோ, திரும்பி வரவில்லை. நாற்பத்து நாலாம் வருஷம். காணவில்லை என்று தந்தி வந்தது. சண்டை முடிந்த பிறகு, இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று சர்க்கார் சொல்லியது. கொள்ளலாம் என்று சொல்ல சர்க்கார் யார்? கடலில் போனவன் செத்தானா இல்லையா என்று சொல்ல அந்தக் குப்பத்துக்கு வேறு சட்டம் இருந்தது.

சட்டம் இதுதான். ஒரே படகில் போய்த் திரும்பாதவர்களுக்கு ஒரே நாளில்தான் கருமாதி. எல்லா வீட்டாரும் ஒன்றாக முகத்துவாரத்துக்குப் போய்த் தண்ணீரில் வரிசையாக நிற்க வேண்டும். ஊர்த் தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஒரு அலை வந்து போகும் வரை பொறுப்பார்கள். கடலிலிருந்து பதில் வராது. அப்புறம் வீட்டார், போயிட்டான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பெண்கள் கூடித் தாலியைக் கழற்றி வாங்குவது. ஒரு வீடு மட்டும் முந்திக்கொண்டு கருமாதி செய்தால், மற்ற வீட்டு ஆண்கள் திரும்பிவரும் வழியை அடைத்த மாதிரி. அந்தப் பாவம் சும்மா விடாது என்று பயம்.

இராமலிங்கம் எட்டுப் பேரில் ஒருவனாகப் போனவன். விமானம் என்றால் என்ன, அதுவும் படகுதானே என்றார்கள் பெரியவர்கள். நல்ல நியாயம்! அப்படியானால் மற்ற ஏழு வீட்டாரும் வர வேண்டும், அல்லது அவர்கள் சம்மதமாவது தெரிய வேண்டும். ஏழு வீடும் சீமையில் இருந்தன. யார் போய்க் கேட்பது? சரி, தகவல் வரட்டும் என்று வைத்தார்கள். வைத்தது வைத்தபடி கிடந்தது.

செத்ததாகச் சொல்லாத ஆளுக்கு ஏரியில் பங்கும் உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் இருக்கும். ஒருவருக்குச் சங்கு, ஒருவருக்கு ஓட்டைக் காலணா, ஒருவருக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. தலைவர் பெயரைக் கூப்பிட, ஆள் எழுந்து வந்து அடையாளத்தைக் கலயத்தில் போட வேண்டும். இராமலிங்கம் என்று கூப்பிட்டதும் செல்லியம்மாள் எழுந்து வந்து பித்தளைப் பொத்தானைப் போடுவாள். வாயைத் திறக்க மாட்டாள். அவன் பங்கில் வலை கட்டியவன் அவனுடைய தம்பி துலுக்காணம். மீனைக் கொண்டுவந்து அண்ணி வாசலில் கொட்டுவான்.

அவள் இளவயசிலேயே காசிமேட்டிலிருந்து அவள் அண்ணன் வந்து பார்த்தான். எத்தனை காலம் இப்படி இருப்பாய், கயிற்றைக் கழற்றிப் போடு, வேறு இடம் பார்க்கிறேன் என்று நயமாகவும் சொன்னான், கத்தியும் பார்த்தான். அவள் மசியவில்லை. புருஷன் திரும்பி வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், பைத்தியம் என்று ஊர் நினைத்தது. அதெல்லாம் இல்லை. தந்தி வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு உறுத்தியது வேறு. சீமையில் அந்த ஏழு வீட்டுப் பெண்களும் தன்னைப் போலவே காத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். குளிர் நாட்டில், கம்பளி போர்த்திக்கொண்டு, எட்டாவது வீட்டிலிருந்து என்ன தகவல் வருகிறது என்று ஏழு பெண்கள். தான் முந்திக்கொண்டால் அவர்கள் கதி என்ன? அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

துலுக்காணத்தின் பெண்சாதி குப்பாயி காலராவில் போனபோது மகன் கோபாலுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து செல்லியம்மாள்தான் தூக்கி வளர்த்தாள். சோறு ஊட்டியதும் அவள், அடித்ததும் அவள். இருபத்திரண்டு வயதில் அவனுக்குக் காட்டுப்பள்ளியில் பெண் பார்த்தார்கள். பெண் சந்திரகலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது, அவள் அப்பனுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஏரியில் தன் பேரில் பங்கு இல்லாதவனுக்குப் பெண் தர மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துகொண்டார். தப்பும் சொல்ல முடியாது, பங்கு இல்லாதவன் அடுத்தவன் வலையில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். ஏரியில் புதுப் பங்கு கிடையாது என்று ஊர் முடிவு செய்து வெகுகாலம் ஆயிற்று. செத்தவன் பங்குதான் வாரிசுக்கு வரும். அந்த வீட்டில் செத்தும் சாகாமலும் ஒருவன் இருந்தான்.

எல்லாருக்கும் விஷயம் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா தாலி வாங்கினால்தான் தனக்குப் பங்கு என்றால் எந்தப் பிள்ளை போய்க் கேட்பான்? கோபால் அனல்மின் நிலையத்தில் கூலி வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தான். எண்ணூரில் அப்போதுதான் புகைபோக்கி எழும்பி வேலை ஓடிக்கொண்டிருந்தது. செல்லியம்மாளுக்கும் ஒரு ஆசை உண்டு. கோபால் கல்யாணத்தில் அவனுக்கு முதல் நலங்கு வைப்பது அவள் கையாக இருக்க வேண்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வரும்போது ஆரத்தி எடுப்பதும் அவளாக இருக்க வேண்டும். குங்குமத்தோடு இருக்கிற வரைக்கும்தான் அதெல்லாம். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று அவளுக்கு யாரும் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளைக்காரர் வந்தார். எழுபதாம் வருஷம், மார்கழி மாதம். அனல்மின் நிலையத்துக்கு இயந்திரம் பூட்ட வந்த இன்ஜினியர், ஹென்ஷா என்று பெயர். கூட வந்தவர் வள்ளூர்க்காரர் ஆசீர்வாதம், அங்கே ஃபிட்டர், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். தன் அண்ணன் ஓட்டிய விமானத்தில் பட்டணத்துக்கு வடக்கே ஏரிக்கரை ஊரைச் சேர்ந்த ஒருவர் ஒயர்லெஸ் பார்த்தார் என்று ஹென்ஷாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வேலைக்கு வந்த இடத்தில் விசாரித்து விசாரித்துப் படகேறி வந்துவிட்டார். செல்லியம்மாள் ஜானகியம்மாள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் எடுத்துவந்து போட்டாள். பெரிய உடம்பு, அது கிறீச்சிட்டது. மற்றவர்கள் எல்லாரும் ஏரியில் வலை இழுக்கவும் மீன் விற்கவும் போயிருந்த நேரம்.

தன் அண்ணன் ஆர்தர் என்று அவர் ஆரம்பித்ததுமே அவள், முன்னால் உட்கார்ந்து ஓட்டினவர் என்றாள். ஆசீர்வாதம் அதை இங்கிலீஷில் சொல்ல, வெள்ளைக்காரருக்கு முகம் மாறிப்போயிற்று. அப்புறம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஏழு வீட்டிலும் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

ஆசீர்வாதம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். சண்டை முடிந்த மறு வருஷமே ஹென்ஷா வீட்டில் கோயிலில் வைத்து ஜெபம் பண்ணி, சுவரில் பெயர் வெட்டிக் கல் பதித்துவிட்டார்கள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் என்று வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறார், அவரவர் ஊரில், அவரவர் நாளில். ஏழு பேரில் கல்யாணம் ஆனவர் நார்மன் ஒருவர்தான். அவர் மனைவி நாற்பத்து ஏழிலேயே வேறு கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாளாம்.

செல்லியம்மாள் சிரித்தாள். சிரிப்பில் கோபம் இருந்தது, ஆசீர்வாதத்துக்கே தெரிந்தது. கம்பளி போர்த்திக்கொண்டு தனக்காகக் காத்திருந்த ஏழு பெண்களில் ஆறு பேர் இருக்கவே இல்லை. இருந்த ஒருத்தியும் காத்திருக்கவில்லை.

"ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்" என்றாள் ஆசீர்வாதத்திடம். "நாங்க இங்க கீறோமே."

ஆசீர்வாதம் அதை மொழிபெயர்க்கவில்லை. இத்தனை வருஷம் இந்த அம்மா எதற்காகக் காத்திருந்தார் என்று வெள்ளைக்காரர் கேட்டதற்கு, ஊர் வழக்கத்தைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. ஹென்ஷா எழுந்து நின்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்றார் ஆசீர்வாதம். அவர் என்ன செய்வார், அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பார் என்றாள் செல்லியம்மாள். நார்மன் பெண்சாதி நன்றாக இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு அவள் யோசித்தாள். ஊரில் இது தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். குங்குமம் இருக்கும், மரியாதை இருக்கும், வேறு இடத்தில் பெண் அமைந்தாலும் நலங்கு வைக்கலாம். பிள்ளை நிலக்கரி வாரப் போவான். வாயைத் திறந்தால் அவனுக்கு ஏரி, தனக்குப் பந்தலுக்குப் பின்னால் ஒரு மூலை. சீட்டுப் போடும் நாள் வரைக்கும் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மீன் விற்றாள், சோறு பொங்கினாள், கோபாலைக் காரணமில்லாமல் திட்டினாள். இன்னா பெரிம்மா உனக்கு என்று அவன் கேட்டால் அதற்கும் திட்டு விழுந்தது.

தை பிறந்ததும் சீட்டு. மாரியம்மன் கோயில் எதிரே எல்லாரும் கூடினார்கள். தலைவர் பூவராகவன் கலயத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிட்டார். சங்கு விழுந்தது, காலணா விழுந்தது. இராமலிங்கம் என்றார். செல்லியம்மாள் எழுந்து வந்தாள். பொத்தானைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அந்த ஏழு ஊட்லயும் முடிச்சிட்டாங்க" என்றாள். "நாமதான் பாக்கி."

எப்போது முடித்தார்கள் என்று தலைவர் கேட்டார். சண்டை முடிந்ததுமே என்றாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு வெள்ளைக்காரர் வந்த கதையைச் சொன்னாள். துலுக்காணம் தலையைக் குனிந்துகொண்டான். கோபால் எழுந்து ஓடிவந்து, எனக்குப் பங்கும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், போய் உட்காரு பெரிம்மா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

பூவராகவன் நல்ல மனுஷன், குறுக்கு வழி ஒன்று யோசித்தார். நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்கிறேன், பொத்தானைப் போட்டுவிட்டுப் போ, கல்யாணம் முடியட்டும், கருமாதியைப் பிறகு பார்க்கலாம் என்றார். காட்டுப்பள்ளிக்காரரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். அவள் ஒப்பவில்லை. ஏழு வீடு முடித்தது தெரியாமல் கட்டியிருந்தவரைக்கும் அது தாலி, தெரிந்த பிறகு அது வெறும் கயிறு என்றாள். அதைக் கட்டிக்கொண்டு வந்து பிள்ளைக்கு நலங்கு வைக்க மாட்டாளாம். இதற்கு மேல் யார் என்ன பேசுவது? சீட்டை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் காலையில் முகத்துவாரம் என்று முடிவாயிற்று. ஆசீர்வாதத்துக்கு ஆள் போயிற்று. மற்ற ஏழில் ஒரு வீடாவது வர வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள்.

கல்யாணம் பிறகு நடந்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கோபாலுக்குப் பங்கு வந்தது, சந்திரகலாவும் வந்தாள். ஆரத்தி எடுத்தது ஜானகியம்மாள். செல்லியம்மாள் பந்தலுக்குப் பின்னால் அடுப்படியில் நின்று, சோறு குழைந்துவிட்டது என்று சமையல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் நேரே அங்கே போய்க் காலில் விழுந்தார்கள். போய் மணையில் உட்காருங்கள், சாஸ்திரம் கெடுகிறது என்று விரட்டினாள். அவள் அழுதாளா என்றால், அடுப்புப் புகையில் எல்லாரும்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் முகத்துவாரத்தில் நடந்ததுதான் ஊர் இன்னும் பேசுவது. விடிந்து வெயில் ஏறியிருந்தது. ஹென்ஷா வந்திருந்தார். பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார். வெள்ளை வெளேர் என்ற அந்தக் கால்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பிள்ளைகள் பாடுபட்டன. தான் எங்கே நிற்க வேண்டும் என்று ஆசீர்வாதம் மூலம் கேட்டார். அவர் அண்ணன்தான் ஓட்டினவர், முதலில் நிற்கட்டும் என்றாள் செல்லியம்மாள். அவள் நாலு இடம் தள்ளி, தன் புருஷன் இடத்தில் நின்றாள். நடுவிலும் அந்தப் பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. அலை வந்து அந்தக் காலி இடங்களில் மணலை அரித்துக்கொண்டிருந்தது.

தலைவர் பெயர்களைக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அந்தப் பெயர்கள் அவருக்குத் தெரியாது. ஹென்ஷாவிடம் கேட்டார்கள். அவருக்கு அண்ணன் பெயர் தெரியும், நார்மன் தெரியும், இன்னும் ஒன்றிரண்டு அரைகுறையாகத் தெரியும். நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார், பாவம். எட்டுப் பேரையும் இடம் மாறாமல் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

"ஆர்தர்" என்று கூப்பிட்டாள் செல்லியம்மாள்.

ஒரு அலை வந்து போயிற்று. ஆசீர்வாதம் சொல்லிக்கொடுத்திருந்தபடி, போயிட்டாரு என்றார் வெள்ளைக்காரர். ஒரு வார்த்தைதான், அதையும் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது தடவைதான் சொல்ல முடிந்தது. ஜார்ஜ் என்று கூப்பிட்டாள். ஜார்ஜுக்குப் பதில் சொல்ல வீடு இல்லை. அலை போன பிறகு, போயிட்டான் என்று அவளே சொன்னாள். பெர்சிக்கும் அவளே சொன்னாள், நார்மனுக்கும் அவளே சொன்னாள். நார்மனுக்கு அடுத்த இடத்தில் நிறுத்தி, அதைத் தாண்டிக்கொண்டு ஜாக் என்றாள். லெஸ்லி என்றாள். டாம் என்று கூப்பிடும்போது கரையில் இருந்த பெண்கள் சிலர் அழுதுவிட்டார்கள். மீசை முளைக்காத பயல் என்று அவர்களுக்கும் அவள் எப்போதோ சொல்லியிருந்தாள்.

இன்னும் ஒரு பெயர் பாக்கி. பூவராகவன் அவள் சங்கடத்தைப் புரிந்துகொண்டு இரண்டடி முன்னால் வந்தார். நீ பதில் மட்டும் சொல்லும்மா, பேரை நான் கூப்பிடுகிறேன் என்றார். ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் திரும்பாமலே கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஏழு பேரையும் நான் கூப்ட்டேன் மாமா. அவர மட்டும் நீ இன்னாத்துக்குக் கூப்புடணும்?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. மணலில் கோடு போட்டுக் காட்டினபோது விரலால் சுட்டிக் காட்டிச் சமாளித்த பெயர். இப்போது விரல் நீட்ட எதிரில் ஆள் இல்லை.

"இராமலிங்கம்" என்று கூப்பிட்டாள்.

அவள் வாயால் அந்தப் பெயரை ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு அலை வந்து போயிற்று. இரண்டாவது வந்தது. தலைவர் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது அலை அவள் முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பியது.

"போயிட்டாரு" என்றாள்.

செத்தவனுடைய அடையாளத்தைக் கடலில் போட்டுவிட வேண்டும், அதுவும் வழக்கம். இருபத்தாறு வருஷம் தேய்ந்து பளபளத்த பொத்தானை அவள் கையில் வைத்து ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கோபாலைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"நல்லா தூரமா போடுறா" என்றாள். "கிட்டக்கப் போட்டா திரும்பி வந்துடப் போவுது."